ஒரு நொடியில் 12 கோடி அளவை! இந்தப் பெட்டியைத் தெரியுமா?

ஒரு நொடியில் என்ன செய்துவிட முடியும்? ஒரு சொடக்குப் போடலாம். ஒரு தும்மல் போடலாம். ஆனால் அதே ஒரு நொடிக்குள் 12 கோடியே 40 லட்சத்து 32 ஆயிரம் முறை வானலையை அளந்து எண்ணாகக் குறித்துவைக்கும் பெட்டி ஒன்று இருக்கிறது, தெரியுமா? ராணுவத் தளத்தில் இல்லை! விண்வெளி மையத்தில் இல்லை! ஹாம் வானொலிக்காரர்களின் மேசையில்!

பெயர் ஐகாம் ஐசி-7300. ஜப்பான் தயாரிப்பு. 2016-ல் விற்பனைக்கு வந்தது. எடை 4.2 கிலோ. அகலம் 24 சென்டிமீட்டர். முகப்பில் 4.3 அங்குல வண்ணத் தொடுதிரை. இதற்குள்ளேயே 100 வாட் டிரான்ஸ்மிட்டர், ரிசீவர், ஆண்டெனா ட்யூனர் எல்லாம் அடக்கம்! அனுப்பவும் பெறவும் ஒரே பெட்டி என்பதால் இதற்கு டிரான்ஸீவர் என்று பெயர்.

ஹாம்கள் யார்? அரசுத் தேர்வு எழுதி, உரிமம் வாங்கி, தங்களுக்கென ஓர் அழைப்புக் குறியோடு உலகம் முழுக்கப் பேசுகிறவர்கள். காசுக்காக அல்ல, முழுக்க முழுக்க ஆர்வத்துக்காக!

பழைய ரேடியோவின் பின்பக்க மூடியைக் கழற்றிப் பார்த்திருக்கிறீர்களா? காயில், கண்டென்சர், கிரிஸ்டல் என்று ஒரே நெரிசல். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு சாமான். ஐசி-7300 ஒரு மென்பொருள் வானொலி, இதில் அந்தச் சாமான்களில் பெரும்பாலானவை கிடையாது! ஆண்டெனாவில் வந்த அலையை 15 ஃபில்டர்கள் வாசலில் நின்று வடிகட்டுகின்றன. உள்ளே போனதும் அலை எண்ணாகிவிடுகிறது. அதற்கப்புறம் நடப்பதெல்லாம் கணக்கு! கூட்டல், பெருக்கல், கூட்டல், பெருக்கல்... அந்தக் கணக்கின் விடைதான் உங்கள் காதில் குரலாகக் கேட்கிறது!

ஒளியே திணறும் இடைவெளி!

இந்தப் பெட்டி ஓர் அளவை எடுத்து முடித்து அடுத்த அளவை எடுப்பதற்குள் எவ்வளவு நேரம் போகிறது தெரியுமா? 1 நொடியை 12 கோடியே 40 லட்சமாகப் பிரித்ததில் ஒரு துண்டு! நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் ஓடும் ஒளி, அந்த இடைவெளியில் எவ்வளவு தூரம் போகும்? வெறும் 2.4 மீட்டர்! கூடத்தின் இந்தச் சுவரில் கிளம்பி அந்தச் சுவரைத் தொடுவதற்குள் அடுத்த அளவை முடிந்துவிடுகிறது!

எவ்வளவு தகவல் குவியும்?

ஒவ்வோர் அளவையும் 14 பிட். அதாவது அலையின் உயரத்தை 16,384 படிகளில் எந்தப் படி என்று குறிக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். நொடிக்கு 21 கோடியே 70 லட்சம் பைட்! ஒரு நிமிடத்துக்கு 13 ஜிபி! ஐந்தே நிமிடத்தில் 64 ஜிபி மெமரி கார்டு நிரம்பிவிடும்! இவ்வளவையும் யார் சேமித்துவைக்கிறார்கள்? யாரும் இல்லை! வந்த வேகத்திலேயே ஒரு சிப் அள்ளி விழுங்கி, உங்களுக்கு வேண்டிய ஒரே ஒரு குரலை மட்டும் பிரித்தெடுத்துவிட்டு மிச்சத்தைக் கொட்டிவிடுகிறது!

சரி, எவ்வளவு மெல்லிய சிக்னலைப் பிடிக்கும்? சிற்றலையில் 0.16 மைக்ரோவோல்ட்! டார்ச்லைட் செல் ஒன்றின் 1.5 வோல்ட்டை 94 லட்சம் பங்காக வெட்டி, அதில் ஒரு பங்கு!

காதால் கேட்ட ரேடியோவைக் கண்ணால் பார்க்கலாம், தெரியுமா?

என்னைக் கேட்டால், மென்பொருள் வானொலியின் ஆகப் பெரிய அதிசயம் வேகமோ எண்ணிக்கையோ இல்லை. வாட்டர்ஃபால்! திரையில் கொட்டும் அந்த வண்ண அருவி!

இலங்கை வானொலியைத் தேடி முள்ளை மயிரிழை மயிரிழையாக நகர்த்தியவர்களுக்குத் தெரியும், அடுத்த நிலையம் எங்கே இருக்கிறது என்று முன்கூட்டியே சொல்ல வழியே இருந்ததில்லை. திருகிக்கொண்டே போக வேண்டும், காது கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். இங்கே? 7 மெகாஹெர்ட்ஸைத் தொடுங்கள். இந்திய ஹாம்களுக்கு ஒதுக்கப்பட்ட 7,000 முதல் 7,200 கிலோஹெர்ட்ஸ் வரையிலான முழுப் பட்டையும் ஒரே பார்வையில் விரிகிறது! சிக்னல் இல்லாத இடம் கருநீலம். சிக்னல் வந்தால் பளிச். ஒவ்வொரு கணமும் ஒரு புதுக் கோடு மேலே பிறக்கிறது, பழைய கோடுகள் கீழே இறங்குகின்றன. ஓசையின் வரலாறு கண்முன்னால் வழிகிறது!

கொஞ்சம் பழகிவிட்டால் என்ன நடக்கும் தெரியுமா? ஒலியை முழுக்கக் குறைத்துவைத்துவிட்டே யார் என்ன செய்கிறார்கள் என்று சொல்லிவிடலாம்! விட்டு விட்டுப் புள்ளியும் கோடுமாக ஒல்லியாக இறங்குகிறதா? மோர்ஸ். பட்டையாக, ஓரம் கசங்கிய மாதிரி, பேச்சின் மூச்சுக்கு ஏற்ப விட்டு விட்டு வருகிறதா? மனிதக் குரல். 15 நொடிக்கு ஒருமுறை ஒரே நேரத்தில் தொடங்கி ஒரே நேரத்தில் நிற்கும் மெல்லிய கம்பிகளா? அது டிஜிட்டல். திரையின் இடது ஓரத்திலிருந்து வலது ஓரம் வரை ஒரே கணத்தில் ஒரு வெள்ளைக் கீற்று பாய்ந்ததா? எங்கோ மின்னல் வெட்டியிருக்கிறது! ஐப்பசி மழைக் காலத்தில் அந்தக் கீற்றுகளுக்குப் பஞ்சமே இல்லை. பல நூறு கிலோமீட்டர் தள்ளி வெட்டிய மின்னல்கூட இங்கே கோடு கிழித்துவிட்டுப் போகும்!

இன்னொன்றும் தெரியும். சம இடைவெளியில், மெதுவாக ஒரு பக்கமாக நகர்ந்துகொண்டே இறங்கும் மங்கலான கோடுகள்! அவை எந்த நாட்டு நிலையம்? எந்த நாடும் இல்லை. பெரும்பாலும் உங்கள் வீட்டு மலிவு எல்இடி பல்பு, மொபைல் சார்ஜர், அல்லது பக்கத்து வீட்டு இன்வெர்ட்டர்! சூடேற ஏற அதன் அதிர்வெண் நகர்கிறது, கோடும் நகர்கிறது. ஒவ்வொரு சுவிட்சாக அணைத்துக்கொண்டே வாருங்கள். எதை அணைத்தால் கோடு மறைகிறதோ அதுதான் குற்றவாளி! வீட்டுக்குள்ளேயே துப்பறியும் ரேடியோ!

500 கோடி மடங்கு!

உங்கள் தெருவிலேயே இன்னொரு ஹாம் இருக்கிறார். 100 வாட்டில் பேசுகிறார். அவருக்கு வெறும் 1 கிலோஹெர்ட்ஸ் தள்ளி, பிரேசிலிலிருந்து ஒரு சிக்னல் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வருகிறது. பழைய பெட்டிகளில் அது அவ்வளவுதான், மூழ்கிப்போகும். இதில்? பக்கத்திலிருக்கும் சிக்னல் ரிசீவரின் அடித்தள இரைச்சலைவிட 97 டெசிபல் பலமாக இருக்கும்வரை சமாளிப்பேன் என்கிறது ஐசி-7300! 97 டெசிபல் என்றால்? 500 கோடி மடங்கு! அச்சுப்பிழை இல்லை, 500 கோடிதான்!

ஃபில்டர் வாங்கவே வேண்டாம், தெரியுமா?

முன்பெல்லாம் மோர்ஸுக்கு ஒரு கிரிஸ்டல் ஃபில்டர், பேச்சுக்கு ஒரு கிரிஸ்டல் ஃபில்டர் என்று தனித்தனியாகக் காசு கொடுத்து வாங்கி, மூடியைக் கழற்றி மாட்டுவார்கள். இப்போது திரையைத் தொட்டு ஒரு குமிழைத் திருகினால் போதும்! 3,600 ஹெர்ட்ஸ் அகலத்திலிருந்து 50 ஹெர்ட்ஸ் வரை சுருக்கிக்கொண்டே போகலாம். ஃபில்டர் ஒரு சாமானே இல்லை, ஒரு சூத்திரம்! சூத்திரத்தை மாற்றினால் ஃபில்டர் மாறிவிட்டது!

டெலிபிரிண்டர் சிக்னலைக் கம்ப்யூட்டர் இல்லாமலே எழுத்தாக்கித் திரையில் ஓடவிடும். பேசியதை எஸ்டி கார்டில் பதிவு செய்யும். ஒரே ஒரு யூஎஸ்பி கேபிள் போதும், கம்ப்யூட்டர் இதை முழுக்க இயக்கும். அட, வாங்கிச் சில ஆண்டுகள் கழித்துக்கூட ஃபர்ம்வேர் புதுப்பிப்பில் புது வசதிகள் வந்து சேர்கின்றன! வாங்கிய நாளைவிட வயதான பின் அதிகம் தெரிந்துவைத்திருக்கும் ரேடியோவைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

பெரிய பெட்டி எனக்கெதற்கு என்கிறீர்களா? 2020-ல் இதன் தம்பி வந்துவிட்டான்! ஐசி-705. பேட்டரியோடு சேர்த்து எடை ஏறக்குறைய 1.1 கிலோ! ஜிபிஎஸ், ப்ளூடூத், வைஃபை எல்லாம் உள்ளே. பேட்டரியில் 5 வாட். கொடைக்கானல் மலை உச்சியில் உட்கார்ந்தும் உலகத்தோடு பேசலாம்!

குமிழே இல்லாத ரேடியோ!

திருகுவதற்கு எதுவுமே இல்லாத டிரான்ஸீவரைப் பார்த்திருக்கிறீர்களா? அமெரிக்காவின் டெக்சாஸில் இருக்கும் ஃப்ளெக்ஸ்ரேடியோ நிறுவனத்தின் 6700 அப்படித்தான்! முன்பக்கம் மொட்டைப் பெட்டி. எல்லாம் கம்ப்யூட்டர் திரையில். நொடிக்கு 24 கோடியே 57 லட்சத்து 60 ஆயிரம் அளவைகள், ஒவ்வொன்றும் 16 பிட்! ஒரே நேரத்தில் 8 ரிசீவர்கள்! ரேடியோ ஊரில், நீங்கள் வெளியூரில் இருந்தாலும் இணையம் வழியாகப் பேசிக்கொண்டே இருக்கலாம்!

இதற்கெல்லாம் பிள்ளையார் சுழி போட்டது யார்? மென்பொருள் வானொலி என்ற கருத்தை ஜோசஃப் மிட்டோலா 1992-ல் ஒரு கட்டுரையில் விரித்து எழுதினார். அன்று அது ராணுவத்துக்கு மட்டும் கட்டுப்படியாகும் கனவு. சரியாகப் பத்தே ஆண்டு! ஃப்ளெக்ஸ்ரேடியோவைத் தொடங்கிய ஜெரால்டு யங்பிளட், 2002-ல் ஹாம்களுக்கான தொழில்நுட்ப இதழ் ஒன்றில் இதை வீட்டிலேயே செய்துபார்க்கலாம் என்று தொடர் எழுதினார். கம்ப்யூட்டரின் சவுண்ட் கார்டுதான் மூளை! பாட்டுக் கேட்க வாங்கிய சவுண்ட் கார்டு ரேடியோவானது!

தன் குரலைத் தானே கேட்டுத் திருத்தும் டிரான்ஸ்மிட்டர்!

சிக்னலைப் பெருக்கும்போது எந்த ஆம்ப்ளிஃபையரும் அதைக் கொஞ்சம் சிதைக்கும். சிதைந்தால் பக்கத்து அலைவரிசைக்காரருக்குத் தொல்லை. இதற்கு ப்யூர்சிக்னல் என்ற மென்பொருள் செய்யும் தந்திரம் தெரியுமா? தான் அனுப்பிய சிக்னலைத் தானே திரும்பக் கேட்கிறது. எங்கே எப்படிக் கோணியிருக்கிறது என்று கணக்கிடுகிறது. அடுத்த முறை அனுப்புவதற்கு முன்பே எதிர்ப்பக்கமாகக் கோணவைத்து அனுப்புகிறது! இரண்டு கோணலும் சேர்ந்து நேராகிவிடுகிறது! பேசிக்கொண்டிருக்கும்போதே இது நடக்கிறது! இந்த வித்தையோடு வரும் ஆனன் டிரான்ஸீவர்களைத் தயாரிப்பது யார்? அமெரிக்கரா? ஜப்பானியரா? இல்லை, அப்பாச்சி லேப்ஸ் என்ற இந்திய நிறுவனம்!

இன்னொரு இந்தியப் பெருமையும் சொல்லியாக வேண்டும். ஹைதராபாத்தின் அஷ்ஹர் ஃபர்ஹான் என்ற பெயரைச் சொன்னால் உலக ஹாம்கள் எழுந்து நிற்பார்கள்! மலிவு விலையில் யாரும் கட்டிக்கொள்ளக்கூடிய பிட்எக்ஸ் டிரான்ஸீவர்களைக் கொடுத்தவர். அவருடைய எஸ்பிட்எக்ஸ் மென்பொருள் வானொலிக்கு மூளை எது? பள்ளிப் பிள்ளைகள் வைத்து விளையாடும் ராஸ்பெர்ரி பை! சர்க்யூட்டும் மென்பொருளும் திறந்த புத்தகம். யாரும் படிக்கலாம், மாற்றலாம், தங்களுக்குப் பிடித்தபடி புது வசதி சேர்க்கலாம்!

2 கேபி நினைவகத்தில் ஒரு முழு ரேடியோ!

இதைப் படிக்கும்போது உட்கார்ந்துகொள்ளுங்கள்! ஆர்டுயினோ போர்டில் இருக்குமே ஒரு 8-பிட் சிப், ஏடிமெகா328பி? அதன் வேலை நினைவகம் 2,048 பைட். ஜிபி இல்லை, எம்பி இல்லை, வெறும் 2 கேபி! நிரல் எழுதிவைக்க 32 கேபி. அவ்வளவுதான்! நீங்கள் படித்துக்கொண்டிருக்கும் இந்தக் கட்டுரையைக்கூட அதற்குள் அடக்க முடியாது!

அந்தச் சிப்பை மட்டும் மூளையாக வைத்து ஒரு முழு மென்பொருள் டிரான்ஸீவரையே எழுதிவிட்டார் நெதர்லாந்தின் ஹாம் ஒருவர்! ஃபில்டர், குரல், மோர்ஸ் எல்லாமே அந்த 32 கேபிக்குள்! அந்த வித்தையிலிருந்து ஜெர்மன் ஹாம் ஒருவரும் சேர்ந்து உருவாக்கியதுதான் ட்ரூஎஸ்டிஎக்ஸ். 5 அலைப்பட்டைகள், 5 வாட், உள்ளங்கையில் அடங்கும் பெட்டி! கோடிக்கணக்கில் அளவை எடுக்கும் ஐசி-7300-ஐவிட எனக்கு இதுதான் பெரிய வியப்பு. அங்கே சிப்பின் பலம் பேசுகிறது. இங்கே மனித மூளை பேசுகிறது!

டிவி பார்க்க வந்த குச்சி, வானத்தையே பார்த்த கதை!

பென் டிரைவ் மாதிரி ஒரு குச்சி. கம்ப்யூட்டரில் செருகினால் டிஜிட்டல் டிவி தெரியும். அதற்காக மட்டும்தான் தயாரித்தார்கள். உள்ளே தைவானின் ரியல்டெக் நிறுவனத்துச் சிப். இதில் எஃப்எம் ரேடியோவும் கேட்கலாம் என்று ஒரு சின்ன உபரி வசதி. அந்த உபரி வசதிதான் உலகத்தைப் புரட்டிப்போட்டது!

எப்படி? எஃப்எம் கேட்கும்போது அந்தச் சிப் தன் வேலையைத் தான் செய்யாமல், பிடித்த அலையை அப்படியே எண்களாகக் கம்ப்யூட்டரிடம் தள்ளிவிடுகிறது! லினக்ஸுக்காக டிவி மென்பொருள் எழுதும் ஃபின்லாந்துக்காரர் அந்தி பலோசாரி 2012-ல் இதைக் கவனித்து வெளியே சொன்னார். அவ்வளவுதான், பற்றிக்கொண்டது! ஆஸ்மோகாம் என்ற திறந்த மென்பொருள் குழுவினர் அதற்கான நிரலை எழுதினார்கள். சில ஆயிரம் ரூபாய்க் குச்சி, 24 முதல் 1,766 மெகாஹெர்ட்ஸ் வரை எதையும் பிடிக்கும் ரிசீவராகிவிட்டது!

இதை வைத்து என்னவெல்லாம் செய்கிறார்கள் தெரியுமா? தலைக்கு மேல் பறக்கும் விமானம் 1,090 மெகாஹெர்ட்ஸில் தன் இருப்பிடத்தையும் உயரத்தையும் சொல்லிக்கொண்டே போகிறது. அதைப் பிடித்து வரைபடத்தில் விமானங்களை ஓடவிடுகிறார்கள்! சர்வதேச விண்வெளி நிலையம் சில நாட்களில் 145.8 மெகாஹெர்ட்ஸில் படம் அனுப்பும். அதைப் பிடித்துத் திரையில் வரி வரியாகப் படம் விரிவதைப் பார்க்கிறார்கள்!

இன்னும் இருக்கிறது! 1951-ல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் யூவனும் பர்செலும் ஜன்னலுக்கு வெளியே ஒரு கொம்பு ஆண்டெனாவை நீட்டிவைத்து, பால்வீதியின் ஹைட்ரஜன் வாயு எழுப்பும் 1,420 மெகாஹெர்ட்ஸ் முணுமுணுப்பை உலகில் முதல்முதலாகக் கேட்டார்கள். அதே முணுமுணுப்பை இன்று கல்லூரி மாணவர்கள் இந்த டிவி குச்சியால் கேட்கிறார்கள்!

நோபல் பரிசு வாங்கிய ஹாம்!

ஜோ டெய்லர். 1993-ல் இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். ஒன்றையொன்று சுற்றும் இரட்டை நட்சத்திரப் பல்சரைக் கண்டுபிடித்ததற்காக. அவர் சிறுவயதிலிருந்தே ஹாம் என்பது தெரியுமா? வானத்து மெல்லிய சிக்னல்களைப் பிடிக்கக் கற்றவர், அந்த வித்தையை ஹாம்களுக்கும் கொடுத்துவிட்டார்! 2017-ல் ஸ்டீவ் ஃபிராங்கோடு சேர்ந்து அவர் வெளியிட்டதுதான் எஃப்டி8.

15 நொடி நான் அனுப்புவேன், 15 நொடி நீங்கள் அனுப்புவீர்கள். ஒரு செய்தி மொத்தமே 77 பிட்! அகலம் வெறும் 50 ஹெர்ட்ஸ்! ஒருவர் வாய்விட்டுப் பேசும் 3,000 ஹெர்ட்ஸ் அகலத்தில் 60 பேர் பக்கத்துப் பக்கத்தில் நிற்கலாம்! சிக்னலின் பலம் இரைச்சலின் பலத்தில் நூறில் ஒரு பங்குக்கும் கீழே போனாலும் எழுத்துப் பிசகாமல் வந்துசேரும்! காதில் வெறும் உஸ் என்ற சத்தம். திரையிலோ ஆறேழு நாட்டு அழைப்புக் குறிகள்!

நிலாவில் மோதித் திரும்பும் சிக்னலிலும் பேசுகிறார்கள், தெரியுமா? போய்வர 2.5 நொடி. 144 மெகாஹெர்ட்ஸில் வழியில் தொலைந்துபோவது ஏறக்குறைய 252 டெசிபல்! 1-க்குப் பின்னால் 25 சுழியம் போட்டுப் பாருங்கள், அத்தனை மடங்கு தேய்ந்து திரும்புகிறது! அதையும் கணக்குப் போட்டே மீட்டுவிடுகிறது டெய்லரின் மென்பொருள்!

மோர்ஸ் கேட்கும் ஆளுக்கு எத்தனை காது இருக்கும்? கைதேர்ந்தவரானாலும் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் கேட்பார். சிடபிள்யூ ஸ்கிம்மர் என்ற மென்பொருளை அகலப் பட்டை ரிசீவரோடு இணைத்தால் ஒரே நேரத்தில் 700 மோர்ஸ் சிக்னல்கள் வரை படிக்கும்! எழுநூறு!

கொழும்பில் வாழ்ந்தவரின் கனவு, தலைக்கு மேலே நிற்கிறது!

1945-ல் ஆர்தர் சி. கிளார்க் ஒரு கட்டுரை எழுதினார். பூமியோடு சேர்ந்தே சுற்றும் உயரத்தில் செயற்கைக்கோள்களை நிறுத்தினால் உலகம் முழுக்கத் தொடர்பு கொடுக்கலாம் என்றார். பின்னால் இலங்கைக்குக் குடிவந்து, 2008-ல் கொழும்பிலேயே மறைந்தார். அதே உயரத்தில் ஹாம்களுக்கென்று ஒரு கருவி முதல்முறையாக எப்போது போய்ச் சேர்ந்தது? 2018 நவம்பரில் ஏவப்பட்ட கத்தாரின் எஸ்ஹெய்ல்-2 செயற்கைக்கோளில்! ஹாம்கள் அதை க்யூஓ-100 என்பார்கள். பிரேசில் தொடங்கி தாய்லாந்து வரை அதன் பார்வைக்குள்! தமிழ்நாடும் இலங்கையும் உள்ளே!

இதில் பேச என்ன வேண்டும்? கேட்பதற்கு வீட்டு மாடியில் இருப்பது போன்ற ஒரு டிவி டிஷ்ஷும் அந்த டிவி குச்சியும் போதும்! பேசுவதற்குப் பலரும் எடுப்பது ப்ளூட்டோ என்ற கையடக்க மென்பொருள் வானொலி. மாணவர்கள் படிப்பதற்காக அனலாக் டிவைசஸ் நிறுவனம் செய்தது. அதிகாரப்படி 325 முதல் 3,800 மெகாஹெர்ட்ஸ். அமைப்பில் ஒரு சில வரிகளை மாற்றினால்? 70 முதல் 6,000 மெகாஹெர்ட்ஸ்! ஒரு ஸ்க்ரூகூடக் கழற்றவில்லை! நீங்கள் ஒரு சொல் சொன்னால், அது 36 ஆயிரம் கிலோமீட்டர் மேலே போய், 36 ஆயிரம் கிலோமீட்டர் கீழே இறங்கி, கால் நொடி கழித்து உங்கள் காதிலேயே வந்து விழும்!

ஏவி 36 ஆண்டு கழித்துப் பதில் சொன்ன விண்கலம்!

இந்தக் கதையைக் கடைசிப் பக்கமாக வைத்திருந்தேன். ஐசீ-3 என்ற விண்கலத்தை நாசா 1978 ஆகஸ்டில் ஏவியது. 1985-ல் ஒரு வால்நட்சத்திரத்தின் வாலுக்குள் புகுந்து வெளியே வந்தது. வால்நட்சத்திரத்தைச் சந்தித்த முதல் விண்கலம்! 1997-ல் வேலை முடிந்தது என்று விட்டுவிட்டார்கள். அதோடு பேசும் கருவிகளையும் 1999-ல் கழற்றி அகற்றிவிட்டார்கள். விண்கலமோ சூரியனைச் சுற்றிக்கொண்டே 2014-ல் பூமியின் பக்கம் திரும்பி வந்தது! சிக்னலும் கொடுத்துக்கொண்டிருந்தது! ஆனால் பதில் சொல்லப் பூமியில் கருவி இல்லை!

புதிதாகச் செய்தால் பெரும் செலவு என்று நாசா கைவிரித்தது. அப்போது ஆர்வலர் குழு ஒன்று கிளம்பியது. பொதுமக்களிடம் 1,25,000 டாலர் கேட்டார்கள், அதற்கு மேலேயே கிடைத்தது! இல்லாமல் போன அந்தப் பழைய கருவியை எப்படித் திரும்பச் செய்தார்கள்? செய்யவே இல்லை! எழுதினார்கள்! பழைய ஆவணங்களைத் தேடியெடுத்து, 1970-களின் சிக்னல் முறையைக் க்னூ ரேடியோ என்ற இலவச மென்பொருளில் எழுதி, ஒரு மென்பொருள் வானொலிப் பெட்டியில் ஏற்றி, பியூர்ட்டோ ரிக்கோவின் 305 மீட்டர் அரெசிபோ டிஷ்ஷில் மாட்டினார்கள். 2014 மே 29. கட்டளை போனது. விண்கலம் கீழ்ப்படிந்தது! ஜூலையில் அதன் உந்துபொறிகளையும் இயக்கினார்கள், 1987-க்குப் பிறகு முதல்முறையாக! பாதையை முழுக்கத் திருப்ப முடியாமல் அழுத்த வாயு தீர்ந்துபோனது உண்மைதான். ஆனால் மாண்டுபோன ஒரு கருவியை எழுத்தாலேயே உயிர்ப்பித்தது நடந்தது நடந்ததுதான்!

வாயேஜர்-1 விண்கலம்? 1977-ல் கிளம்பி இப்போது சூரியக் காற்று வீசும் எல்லையையே தாண்டிவிட்டது. நெதர்லாந்தில் 1956-ல் கட்டிய ட்விங்கலோ என்ற 25 மீட்டர் பழைய தொலைநோக்கியைத் தன்னார்வலர்கள் பராமரிக்கிறார்கள். 2024-ல் அதை வைத்து வாயேஜரின் சிக்னலைப் பிடித்துவிட்டார்கள்! தூரம் ஏறக்குறைய 2,500 கோடி கிலோமீட்டர்! அந்த அலை கிளம்பி 23 மணி நேரம் கழித்துத்தான் இங்கே வந்தது! அனுப்பியது எத்தனை வாட்? 23 வாட் அளவுதான்!

சரி, இதெல்லாம் படிக்க நன்றாக இருக்கிறது, நமக்கு எப்போது என்கிறீர்களா? இப்போதே! ஒரு ரூபாய் செலவில்லை!

நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழக ஹாம் கழகம் 2008-ல் ஒரு மென்பொருள் வானொலியை இணையத்தில் திறந்துவைத்தது. இப்போது அதில் 0 முதல் 29.16 மெகாஹெர்ட்ஸ் வரை, ஏறக்குறைய மொத்தச் சிற்றலையும்! ஒரே ஆண்டெனா. ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கானவர்கள். ஆனால் ஒவ்வொருவரும் தனக்குப் பிடித்த அலைவரிசையில்! எப்படி முடிகிறது? எல்லாருக்கும் எண்கள் ஒன்றுதான், கணக்கு மட்டும் வேறு வேறு! கம்ப்யூட்டர் விளையாட்டுக்கான கிராஃபிக்ஸ் கார்டுதான் அந்தக் கணக்கைப் போடுகிறது! உங்கள் மொபைலிலேயே திறந்து, அந்த வண்ண அருவியைத் தொட்டு நகர்த்தி, ஐரோப்பிய ஹாம்கள் பேசுவதைக் கேட்கலாம்!

கேட்டுப் பிடித்துப்போய்விட்டதா? அப்போது அடுத்த படி ஏறுங்கள். அனுப்புவதற்கு உரிமம் கட்டாயம், உரிமம் இல்லாமல் மைக்கைத் தொடாதீர்கள். ஆனால் இந்தியாவில் 12 வயது நிரம்பிய யாரும் ஹாம் தேர்வு எழுதலாம்! ஏழாம் வகுப்புப் படிக்கும் உங்கள் மகளும் எழுதலாம், ஓய்வுபெற்ற உங்கள் அப்பாவும் எழுதலாம். பக்கத்து ஊரில் ஹாம் கழகம் இருக்கிறதா என்று இன்றைக்கே விசாரியுங்கள். பாடம் சொல்லிக்கொடுக்க அங்கே ஆட்கள் காத்திருக்கிறார்கள்!